கொம்பில்லாத வைக்கிங் குல்லாய்!

'வைக்கிங்' என்று சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் உடனே ஒரு தாடிக்காரனை வரைந்து, கையில் கோடரி கொடுத்து, தலையில் இரண்டு மாட்டுக் கொம்பு வைத்த தொப்பியையும் மாட்டி விடுவார்கள். நாங்கள் குடியிருக்கும் ஆஸ்லோ நகரக் கடைகளில்கூட, சுற்றுலா வருகிறவர்களுக்கென்று கொம்பு வைத்த துணித் தொப்பிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வியாபாரம் நடக்க வேண்டாமா!

ஆனால் நிஜ வைக்கிங்குகளுக்கும் கொம்புக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஜெர்மனியில் பைராய்ட் என்ற ஊரில், 1876-ல் வாக்னரின் இசை நாடக வரிசை ஒன்று அரங்கேறியது. அதற்கு உடை அமைத்த கார்ல் எமில் டோப்ளர் என்ற ஓவியர்தான் பாத்திரங்களுக்குக் கொம்பும் இறக்கையும் வைத்து அனுப்பினார். அது அப்படியே ஜனங்களின் மனசில் ஒட்டிக்கொண்டது. டென்மார்க்கில் வெக்ஸோ என்ற இடத்தில் 1942-ல் கொம்பு வைத்த வெண்கலக் கவசங்கள் இரண்டு கிடைத்தன, வாஸ்தவம்தான். ஆனால் அவை வைக்கிங்குகளுக்குச் சுமார் 1,700 வருஷம் முந்தியவை. வைக்கிங்குகள் அணிந்தது எப்படியிருந்தது என்றால், 1943-ல் நார்வேயில் யெர்முண்ட்பு என்ற பண்ணையில் கிடைத்த இரும்புக் கவசத்தைத்தான் காட்டுவார்கள். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வட்டமான மண்டை, குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள், கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு காப்பு. அவ்வளவுதான், கொம்பு இல்லை!

இந்தக் கதையெல்லாம் எதற்கு என்றால், என் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு எதிர்வீட்டு அம்மாள் ஒரு கைவேலைப் பெட்டி பரிசளித்தார். தோலில் வைக்கிங் தலைக்கவசம் செய்கிற பெட்டி. வெட்டித் தயாராக இருந்த தோல் துண்டுகள், மெழுகு பூசிய நூல், மழுங்கிய முனையுள்ள இரண்டு ஊசிகள், பித்தளை ரிவெட்டுகள், செய்முறைத் தாள். வைக்கிங் காலத்துத் தோல் கவசம் என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. ஆகவே இது அலங்காரத்துக்குத்தான். சைக்கிளில் போகும்போது இதை ஹெல்மெட்டுக்குப் பதிலாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடிபட்டால் தலையைக் காப்பாற்றாது.

அந்தச் சமயம் திருநெல்வேலியிலிருந்து என் அத்தை, அதாவது மாமியார், மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று தோல் வாடை. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா இது? மாட்டுத் தோலையா நடுவீட்டுல கொண்டாந்து வச்சிருக்க?"

"பாப்பாவுக்குப் பரிசு வந்தது, அத்தை."

"செருப்பு தைக்கிற வேலையில்லா இது? பொம்பளப் புள்ளைக்கு வேற வேலை கெடைக்கலியாக்கும்?"

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏம்மா, மிருதங்கம் கேக்கப் போறியே, அதுல மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் மூணும் இருக்கு தெரியுமா?" என்றார்.

"அது சாமி காரியம்ல!" என்று ஒரே வெட்டாக வெட்டினார் அத்தை.

என் மகளுக்கு ஆச்சி சொல்வது பாதிதான் புரியும். என்னைப் பார்த்து, "அம்மா, இது அழுக்கா?" என்று கேட்டாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட எனக்கு மனசு வரவில்லை. குழந்தை கேட்ட நேரத்தில் சொல்லாத பதிலை அவள் தானாகவே எழுதிக்கொள்வாள். "அழுக்கில்லைடா. நம்ம ஊரில் தோல் வேலை செய்தவர்களை ஊருக்கு வெளியே குடிவைத்தார்கள். அவர்கள் செய்த செருப்பை மட்டும் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். அது தப்பு" என்றேன், அத்தை காதில் விழும்படியே. அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சு குறைவுதான். சாப்பாட்டு மேஜையில் "மோரு" என்றால் மோர், அவ்வளவே.

நாங்கள் பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினோம்.

இதற்கு வேண்டியது தாவரச் சத்தால் பதனிட்ட தோல். நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவார்களே, அந்த வகை. குரோமியம் உப்பால் பதனிட்ட மெத்தென்ற தோலை வளைத்து வைத்தால் அந்த வடிவத்தில் நிற்காது. தாவரத்தால் பதனிட்டது தண்ணீர் பட்டதும் பிசைந்த மாவு மாதிரி இளகும். காய்ந்ததும் வைத்த வடிவத்திலேயே விறைத்துக்கொள்ளும். மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது.

சுத்தமான ஸ்பாஞ்சை நனைத்து, தோல் முழுக்க ஒரே சீராகத் தடவ வேண்டும். நிறம் கறுத்து, பிறகு மெல்ல பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். அதுதான் பதம்! சொதசொதவென்று இருக்கும்போது வளைக்கப் போனால் கோடு நிற்காது, காய்ந்துவிட்டால் மடங்காது. பதம் வந்ததும் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கிண்ணத்தின் மேல் படிய வைத்து அழுத்திவிட வேண்டும். இரும்புச் சட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். தோலில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று கறை விழும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கலம்காரித் துணிக்குக் கறுப்புச் சாயம் எடுக்கிறார்களே, அதே சங்கதிதான்! நகத்திலும் மோதிரத்திலும்கூடக் கவனம் வேண்டும். ஈரத் தோலில் எது பட்டாலும் தழும்பு விழும்.

காய வைப்பது நிழலில்தான். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலிலோ ஹீட்டர் மேலோ வைத்தால் ஈரத் தோல் சுருங்கி, கட்டை மாதிரி முறுகிப் போகும். நாங்கள் ஒரு நாள் முழுக்க விட்டோம்.

அடுத்தது சித்திர வேலை. செய்முறைத் தாளில் பட்டைக்கு ஒரு மாதிரி கொடுத்திருந்தார்கள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகிற பாம்பு உடல்கள். இந்த ஊர்ப் பழைய மரக் கோயில்களில், முக்கியமாக ஊர்னெஸ் கோயிலின் சுவரில், இப்படிப் பின்னல் செதுக்கல் உண்டு. என் மகள் அதை டிரேசிங் பேப்பரில் எடுக்கப் பார்த்து, எந்தக் கோடு மேலே, எந்தக் கோடு கீழே என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள். பால்கனிக் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, சிக்குக் கோலந்தானே இது? ஒண்ணு மேல போனா அடுத்தது கீழ போகணும். மாத்தி மாத்தி. கொண்டா இங்க."

பென்சிலை வாங்கி, முதலில் புள்ளி வைத்துக்கொண்டார். பத்தே நிமிஷத்தில் ஒரு பட்டை முழுக்கப் பின்னிவிட்டார். தாளில் இருந்ததைவிட அது லட்சணமாக இருந்தது. பேத்தி அதைத் தோலின் மேல் வைக்கப் போனபோது, "நான் காயிதத்தத்தான் தொட்டேன், தோலத் தொடல" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தார். சரி, அத்தை!

படத்தைத் தோலுக்கு மாற்றுவது சுலபம். தோலை மறுபடி லேசாக நனைத்து, டிரேசிங் பேப்பரை மேலே வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் போதும். பேப்பரை எடுத்துவிட்டு, கரண்டிக் காம்பு போல முனை மழுங்கிய ஒன்றால் மறுபடி ஒரு ஓட்டு ஓட்டினால் கோடு ஆழமாகப் பதியும்.

சாயம் போடும் வேலையை மட்டும் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். ஸ்பிரிட் கலந்த சாயம் என்றால் நெடி தலையைச் சுற்றும், நெருப்பும் சட்டென்று பிடிக்கும். அடுப்புப் பக்கம் போகாமல், ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு பெரியவர்களே பூசுங்கள். கர்ப்பிணிகள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் புட்டியையும் ரிவெட்டுகளையும் உயரத்தில் வையுங்கள். தவழுகிற பிள்ளைக்கு ரிவெட் மிட்டாய் மாதிரிதான் தெரியும்.

தைப்பதுதான் நேரமெடுக்கும். தைக்க வேண்டிய நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி கோர்க்க வேண்டும். ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. ஒவ்வொரு தையலுக்கும் இரு கையாலும் ஒரே சமமாக இழுக்க வேண்டும். தையல் மிஷினில் ஒரு நூல் அறுந்தால் அடுத்தடுத்துப் பிரிந்து போகும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் தையல் இது. இழுத்து இழுத்து விரல் சிவந்துவிடும் என்பதால், ஒரு நாளைக்கு ஒரு பட்டை என்று வைத்துக்கொண்டோம். நான்கு துண்டுகளைச் சேர்த்து, நெற்றிப் பட்டை, மூக்குப் பட்டை எல்லாம் வைத்து, மரச் சுத்தியலால் ரிவெட் அடித்து முடிக்க இரண்டு வாரம் போயிற்று.

முடிந்த அன்று என் மகள் அதை ஆச்சி தலையில் வைக்கப் போனாள். "அதெல்லாம் வேண்டாம்" என்று தலையைச் சாய்த்துக்கொண்டார். பிறகு, "தையலு ஒழுங்கா விழுந்திருக்கான்னு பின்பக்கம் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அதை வாங்கித் திருப்பி, உள்பக்கத் தையலை விரலால் நெருடி நெருடிப் பார்த்தார். இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. "தேவலையே!" என்றார். நானும் அவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

இனிப் பராமரிப்பு. தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் பளபளப்பு ஏற்றலாம். எண்ணெய் விட்டால் ஓரிரு சொட்டுக்கு மேல் வேண்டாம், தோல் துவண்டுவிடும். நம் ஊர் மழைக்காலத்தில் தோல் சாமான்களுக்குப் பூஞ்சைதான் எமன். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், காற்றோட்டமான அலமாரியில், உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து வையுங்கள். வெள்ளையாகப் படிந்தால் வெளியே எடுத்துப் போய், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஆறவிடுங்கள். எங்கள் வீட்டுக் கவசம் புத்தக அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. மாதத்துக்கொருமுறை என் மகளே தூசு தட்டிவிடுகிறாள்.