ஸ்பீக்கர் வாங்குமுன் சத்தத்தைச் சமமாக்குங்கள்

கடையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது, எது கொஞ்சம் சத்தமாகப் பாடுகிறதோ அதுதான் உசத்தி என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். இது கேட்பவரின் அறியாமை அல்ல, காதின் இயல்பு. சத்தம் குறையக் குறைய பேஸ் ஒலி காதுக்கு எட்டாமல் போவதை ஒலி ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரே மின்னளவுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, வால்யூமைத் தொடாமல், 90 டெசிபல் ஸ்பீக்கரை இணைத்தால் ஒலி 3 டெசிபல் கூடிவிடும். அதே சத்தத்தை முதல் ஸ்பீக்கரில் கொண்டுவர ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு வாட் தர வேண்டும். தரத்தில் எந்த உயர்வும் இல்லாமலே ஒன்று ஜெயித்துவிடுகிறது, பணம் கைமாறிவிடுகிறது.

ஆகவே ஒப்பீடு வீட்டில், சமமான சத்தத்தில் நடக்க வேண்டும். வீட்டில் என்பதற்குக் காரணம் உண்டு. 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே அதிரும். சுவரோடு ஒட்டிய ஸ்பீக்கரில் பேஸ் வீங்கும். கடையின் பெரிய அறை இதைச் சொல்லாது. இரண்டு வகையிலும் ஒவ்வொரு ஸ்பீக்கரை மட்டும் எடுத்து அருகருகே வையுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் செல்போனைப் பிடித்து, பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சலை ஒலிக்கவிட்டு, ஒலி அளக்கும் செயலியில் இரண்டுக்கும் ஒரே எண் வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். செயலியின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பிடப் போதும். மெல்லிய துணியால் மறைத்து, வீட்டிலுள்ள ஒருவரை மாற்றிவிடச் சொல்லிக் கேளுங்கள். பிறகு இடத்தை மாற்றி வைத்து மறுபடியும் கேளுங்கள். இல்லையென்றால் இடத்தின் குணத்தை ஸ்பீக்கரின் குணம் என்று நினைத்துவிடுவோம்.

"என் காதுக்குப் பிடித்தால் போதாதா?" என்று கேட்பார்கள். போதும், ஆனால் தீர்மானித்தது காதுதானா? ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்கள், மறைத்துக் கேட்டபோது மாறின. கேட்டுப் பழகியவர்களும் இதற்கு விலக்கல்ல. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பலாமே என்றால், பி.எம்.பி.ஓ. என்ற உச்ச வாட் கணக்குக்கு எல்லோரும் ஏற்ற அளவுமுறையே கிடையாது. பின்புற லேபிளில் மின் நுகர்வு 60 வாட் என்றிருக்கும் பெட்டி தொடர்ந்து 1000 வாட் ஒலி தர வழியே இல்லை.

திருப்பித் தரும் விஷயத்திலும் ஏமாந்துவிடக் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. "ஒலி பிடிக்கவில்லை" என்பது குறைபாடு ஆகாது. எனவே எத்தனை நாள் வீட்டில் கேட்டுப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்பதை வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நிரூபிப்பது கடினம். விளம்பரம் சொன்ன திறன் பொய் என்றால், அந்த விளம்பரத்தையும் லேபிளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கே தீராவிட்டால், 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.