எண் கட்டப் போட்டி

சுடோகுப் புதிரின் விதியை மாணவர்கள் அறிவீர்கள்: கிடைவரிசை, நெடுவரிசை, சிறு சதுரம் ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒருமுறையே வரவேண்டும். இதனோடு புதுவிதி ஒன்று சேர்ந்தால் புதுவகைப் புதிர் பிறக்கிறது. ஒரே வரிசையில் அடுத்தடுத்த இரு கட்டங்களின் கூட்டுத்தொகை 17 என்று குறித்திருப்பதாகக் கொள்வோம். அங்கே 8, 9 அன்றி வேறெண் புகாது. அவ்வரிசையின் ஏனைய கட்டங்களிலும் அவ்விரண்டுக்கு இடமில்லை. எண் ஒன்றும் தராத புதிரிலும் இங்ஙனம் வழி திறக்கிறது!

2017-இல் உலக சுடோகுப் போட்டி பெங்களூரில் நடைபெற்றது. அவ்வளவு தூரம் செல்லாமல், திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டில் இருந்தபடியே கலந்துகொள்ளத்தக்க இணையவழித் தொடரை உலகப் புதிர்க் கூட்டமைப்பு 2013-இல் தொடங்கியது. சுற்று ஒன்றுக்கு 90 நிமிடம். விதிகளை முன்னரே வெளியிடுவர்; அவற்றைப் படியாது அமர்பவர் பொன்னான நிமிடங்களை இழப்பர். ஊகித்து இட்ட எண்ணோ இன்னும் கொடிது. அதன் பிழை பல கட்டங்கள் கடந்தே வெளிப்படும். அப்போது மூலத்தைத் தேடுவதினும் முழுவதையும் அழித்துத் தொடங்குவதே பெரும்பாலும் விரைவு.