தாயக்கட்டைக்கு நினைவு உண்டா?

நீங்கள் தாயம் ஆடியிருக்கிறீர்களா? திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த பிள்ளைகளிடம் இப்படிக் கேட்பதே வேடிக்கைதான். மேலப்பாளையத்தில் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்ததும், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கீறி, பித்தளைக் கட்டைகளை உள்ளங்கையில் உரசி உருட்டும் பாட்டிமார் உண்டு. அதே வீட்டில் பேரன் கணிப்பொறித் திரைமுன் அமர்ந்து பூதங்களோடு போரிட்டுக்கொண்டிருப்பான். இந்த இரண்டு ஆட்டங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொன்னால் நம்புவீர்களா?

தாயத்தில் ஒருவர் உருட்டி முடித்த பிறகே அடுத்தவர் உருட்டலாம். எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது, எதைப் பழமாக்குவது என்று நிதானமாக யோசிக்கலாம். இப்படி முறைவைத்து ஆடும் வீடியோ ஆட்டங்களும் இருக்கின்றன. அவற்றில் நீங்கள் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்கிறீர்கள். நீங்கள் ஒரு முறை தாக்கினால் எதிரி ஒரு முறை தாக்குவான். உங்கள் முறை வரும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிந்திக்கலாம்.

இந்த ஆட்டங்களின் தாய் வீடு கணிப்பொறி அன்று, காகிதமும் பகடையும்தான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். வாளை வீசினால் எதிரிமேல் படுமா என்பதை அதில் பகடை முடிவு செய்யும். பின்னர் அது கணிப்பொறிக்குள் புகுந்தது. 1986இல் ஜப்பானில் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தது. மறு ஆண்டே ‘பைனல் பேண்டஸி’ வந்தது. அவை ஓடிய நின்டெண்டோ கருவியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட்தான். அத்தகைய சிறிய கருவிக்கு, ஒருவர் பின் ஒருவராக ஆடும் முறை மிகவும் வசதியாக இருந்தது.

கருவிகள் வேகம் பெற்றதும் ஆட்டங்களும் வேகம் பெற்றன. யோசிப்பதைவிட விரலின் வேகமே முக்கியமாயிற்று. ‘முறைவைத்து ஆடும் காலம் முடிந்துவிட்டது’ என்று பலர் எண்ணினர். ஆனால் 2023இல் பெல்ஜியம் நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதைப் பெற்றது. 2025இல் பிரான்சிலிருந்து வந்த ‘கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ என்ற ஆட்டமும் அதே விருதைப் பெற்றது. இரண்டும் முறைவைத்து ஆடுபவை, இரண்டும் பெரியவர்களுக்கானவை. பழைய முறைக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டது!

விரலா, மூளையா?

ஏன் இந்த மவுசு? ஒரு காரணத்தைச் சிறு சோதனையால் உணரலாம். நண்பரிடம் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் கீழ் முனையில், பூச்சியக் கோட்டருகே, உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விடட்டும், நீங்கள் பிடியுங்கள். சுமார் 20 செ.மீ. விழுந்த பிறகே பிடிப்பீர்கள். தடையின்றி விழும் பொருள் 20 செ.மீ. கடக்க 0.2 நொடி ஆகும். இதுவே உங்கள் கண்ணும் மூளையும் விரலும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நேரம்.

திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓடினால், இந்த 0.2 நொடிக்குள் 12 படங்கள் கடந்துவிடும். வேக ஆட்டத்தில் இந்த நேரத்தோடுதான் போராட்டம். முறைவைத்து ஆடும் ஆட்டத்தில் 60 வயதுப் பாட்டியும் 12 வயதுப் பேத்தியும் சமம். அங்கே வேலை விரலுக்கு அல்ல, கணக்குக்கு.

பதினாறு வழிகள்

அந்தக் கணக்கைப் பார்ப்போம். தாயக்கட்டை ஒன்றுக்கு நான்கு பக்கங்கள்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டைகளும் சேர்ந்து 4 × 4 = 16 வழிகளில் விழலாம். இரண்டும் வெறுமையானால் 12 என்று எண்ணுகிறோம்; அதற்கு ஒரே வழி. ஆறு விழவும் ஒரே வழி. தாயம், அதாவது 1 விழ இரண்டு வழிகள், ஐந்துக்கும் இரண்டு. 2க்கு மூன்று, 4க்கு மூன்று, 3க்கு நான்கு. கூட்டிப் பாருங்கள், 16 வரும். ஆகவே தாயம் விழும் நிகழ்தகவு 2/16, அதாவது எட்டில் ஒன்று.

‘எட்டு முறை உருட்டினால் தாயம் விழுந்தே தீரும்’ என்கிறீர்களா? இல்லை! ஒரு முறை விழாமலிருக்க வாய்ப்பு 7/8. எட்டு முறையும் விழாமலிருக்க, 7/8ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.34. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்! ‘ஏழு தடவை விழவில்லை, அடுத்தது தாயம்தான்’ என்று நாம் நினைக்கிறோம். பித்தளைக்கு அது தெரியாது. முந்தைய உருட்டல் அதன் நினைவில் இல்லை. எட்டாவது முறையும் வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான்.

கணிப்பொறி எதை உருட்டுகிறது?

கணிப்பொறிக்குள் கட்டை ஏது? அது கணக்குப் போட்டே எண்களை உண்டாக்குகிறது. நீங்களும் நோட்டில் செய்யலாம். 7இல் தொடங்குங்கள். 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 38ஐ 16ஆல் வகுத்தால் மீதி 6. அதற்கும் அப்படியே செய்தால் 1. பிறகு 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4. அப்புறம் மறுபடியும் 7! பார்ப்பதற்கு ஒழுங்கில்லாதது போலத் தோன்றும் இவ்வரிசை உண்மையில் ஒரு சக்கரம். உற்றுப் பாருங்கள்: ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருகின்றன. அந்தக் குறையைக் கண்டவருக்கு அடுத்த எண்ணைப் பற்றிப் பாதி இரகசியம் தெரிந்துவிடும். உண்மையான ஆட்டங்கள் இதைவிட மிகப் பெரிய சக்கரங்களைப் பயன்படுத்துகின்றன.

இங்கேதான் பெரிய வேறுபாடு இருக்கிறது. பித்தளைக் கட்டைக்கு நினைவு இல்லை. கணிப்பொறிக்கு நினைவு உண்டு. ‘பால்டர்ஸ் கேட் 3’இல் ஒரு வசதி இருக்கிறது. தொடர்ந்து தோற்பவரின் மனம் சலிக்காதபடி பகடையைச் சற்றே அவர் பக்கம் சாய்த்துவிடும். ஆடுபவர் விரும்பினால் அதை நிறுத்திவைக்கலாம். அதை வெளிப்படையாகச் சொல்லியிருப்பதால் குற்றமில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நிரல் எழுதியவர் விரும்பினால் பகடை சாயும்.

பணம் புகுந்தால் இது விளையாட்டல்ல. சில இலவச ஆட்டங்களில் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் உண்டு. அரிய வாள் ஒன்று கிடைக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 பெட்டிகள் திறந்தும் அது கிடைக்காமலிருக்க வாய்ப்பு 0.99ஐ நூறு முறை பெருக்கினால் வருவது: சுமார் 0.37. நூறு பேர் அப்படிச் செலவழித்தால் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு எழுவார்கள். ‘இன்னும் ஒரே ஒரு பெட்டி’ என்ற எண்ணம் தாயத்துக்காக ஏங்கும் அதே எண்ணம்தான். பாட்டியிடம் தோற்றால் போவது ஒரு காய்; இங்கே போவது வீட்டுப் பணம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் சிதைந்ததைக் கண்டு, தமிழ்நாடு 2022இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றமும் அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் வெளியிலிருந்து காக்கும். நிகழ்தகவு அறிந்தவர் தம்மை உள்ளிருந்தே காத்துக்கொள்வார்.

செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள தாயக்கட்டைகளை 160 முறை உருட்டி, விழுந்ததைக் கோடு போட்டுக் குறியுங்கள். 3 ஏறத்தாழ 40 முறையும், தாயம் 20 முறையும், 12 ஏறத்தாழ 10 முறையும் விழ வேண்டும். நாலைந்து கூடலாம், குறையலாம், கவலை வேண்டாம். ஆனால் 12 மட்டும் 30 முறை விழுந்தால்? பல தலைமுறை உரசலில் கட்டையின் ஒரு விளிம்பு தேய்ந்திருக்கலாம். உருப்பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள். கண்டதை உங்கள் கணக்கு ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு பாட்டியிடமும் சொல்லுங்கள். எந்தக் கட்டை எப்படி விழும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தாலும் வியப்பதற்கில்லை!