கணினிக்குள் ஒரு பேரேடு

‘பராமரிப்புப் பணியின் பொருட்டு இன்று நள்ளிரவு முதல் இணைய வங்கிச் சேவை சில மணி நேரம் இயங்காது’ என்னும் குறுஞ்செய்தியை வாடிக்கையாளர்கள் அவ்வப்போது பெறுவதுண்டு. அந்நேரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது என்று பலரும் எங்களிடம் வினவுகின்றனர். பெரும்பாலும் சிறு திருத்தங்களே. ஆயினும், பல்லாண்டுகள் ஓடிய பெரியதொரு மென்பொருளை வேறொரு நிரல்மொழியில் புதிதாக எழுதி அமர்த்தும் முயற்சிகளும் உலகெங்கும் நடைபெறுகின்றன. அவற்றுள் ‘சார்பு நிரலாக்க மொழிகள்’ எனப்படும் வகைக்கு மாறுவது தனிக் கவனத்திற்குரியது.

பெயர் அச்சுறுத்தினாலும் கருத்து வங்கித் துறைக்குப் பழையதே. கையால் பேரேடு எழுதிய காலத்தில் தவறான பதிவை எவரும் சுரண்டி அழித்ததில்லை. ரூ.500 வரவு வைக்கவேண்டிய இடத்தில் ரூ.5,000 வரவு வைக்கப்பட்டால், அத்தொகையை எதிர்ப்பதிவால் நேர்செய்து, பின்னர் ரூ.500ஐ முறையாக வரவு வைப்பர். மூன்று வரிகளும் ஏட்டில் நிற்கும். நடந்தது எதுவும் மறையாது. புதியது சேரும், அவ்வளவே. சார்பு நிரலாக்கமும் இவ்வாறே ஒருமுறை எழுதிய மதிப்பை மாற்றாமல், அதிலிருந்து புதிய மதிப்பைப் பெறுகிறது.

‘சார்பு’ என்பது பள்ளிக் கணக்கில் நாம் கற்ற அதே சொல்தான். இடுவது ஒன்றானால் பெறுவதும் ஒன்றே. ரூ.1,00,000க்கு 7 விழுக்காட்டில் ஓராண்டுத் தனிவட்டி ரூ.7,000, எந்தக் கிளையில், எந்த நேரத்தில் கணக்கிட்டாலும் அது மாறலாகாது. வழக்கமான நிரல்களில் பல பகுதிகள் பொதுவானதொரு நினைவிடத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஒரு பகுதி செய்த மாற்றம், தொடர்பே இல்லாத மற்றொரு பகுதியின் விடையைக் கெடுக்கக்கூடும். அத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இம்மாற்றத்திற்கு நன்கறியப்பட்ட சான்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் ‘சிக்மா’. பொய்யான இணைப்புகளையும் மோசடிச் செய்திகளையும் இனங்கண்டு தடுக்கும் காவல் மென்பொருள் அது. அதன் விதிகள் நிறுவனத்திற்குள்ளேயே உருவாக்கப்பட்ட எளியதொரு மொழியில் எழுதப்பட்டிருந்தன. விதிகள் பெருகியபோது அம்மொழி வேகத்திலும் வசதியிலும் பின்தங்கியது. சுமார் இரண்டு ஆண்டுகள் உழைத்து அதனை ‘ஹாஸ்கெல்’ என்னும் சார்பு நிரல்மொழிக்கு மாற்றினர். 2015இல் அப்பணியின் விவரங்கள் வெளியிடப்பட்டபோது, சிக்மா நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளைக் கையாண்டுகொண்டிருந்தது.

வேகம் கூடியது உண்மையே. எனினும், எங்கள் பார்வையில் முதன்மையான பயன் வேறு. ஒரு விதி மற்றொரு விதியைத் தெரியாமல் பாதிக்க இயலாது. ஒவ்வொன்றையும் தனியே சோதிக்கலாம். தொகையை எழுதவேண்டிய இடத்தில் தேதியை எழுதுவது போன்ற பொருந்தாப் பிழைகளை, நிரல் இயங்கத் தொடங்கும் முன்பே மொழி தடுத்துவிடும். புதுப்புது மோசடிகளுக்கு ஏற்ப விதிகளைச் சில நிமிடங்களில் மாற்றவேண்டிய இடத்தில் இது பெரும் பாதுகாப்பு. பிரேசிலின் நூபேங்க், ‘குளோஜர்’ என்னும் சார்பு நிரல்மொழியைத் தன் அமைப்பின் அடித்தளமாகவே கொண்டுள்ளது.

அதற்காக, மொழியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கருதுவதற்கில்லை. கூட்டுக் கணக்கொன்றில் ரூ.5,000 உள்ளது. கணவர் ஏடிஎம்மில் ரூ.4,000 எடுக்கும் அதே நொடியில் மனைவி கடையில் ரூ.3,000 செலுத்துகிறார். இரண்டில் ஒன்று மட்டுமே நிறைவேற வேண்டும். எம்மொழியில் எழுதினாலும், தரவுத்தளம் ஒருவரை முன்னும் மற்றவரைப் பின்னும் நிறுத்தியே ஆகவேண்டும்.

மேலும், மாற்றுகின்ற வேளையே ஆபத்தான வேளை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. அது நிரல்மொழி பற்றிய சிக்கலன்று. ஆயினும், அவ்வங்கியின் 52 லட்சம் வாடிக்கையாளர்களில் கணிசமானோர் பாதிக்கப்பட்டனர். நிலைமை முழுமையாகச் சீரடைய அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. பின்னர் 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. ஆகவேதான் பழையதையும் புதியதையும் சிலகாலம் இணையாக ஓட்டி, இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டு, பகுதி பகுதியாக மாற்றுவதே நலம் என்கிறோம். கிளைகளுக்குக் கணினி வந்த புதிதில் பேரேட்டையும் கணினியையும் ஒருசேர எழுதிச் சரிபார்த்த மூத்த அலுவலர்களுக்கு இது புதுமையன்று.

எந்தவொரு வங்கியிலும் இத்தகைய மாற்றம் அறிவிக்கப்பட்டால், வாடிக்கையாளர்கள் முந்தைய நாளின் இருப்பைக் குறித்துவைத்துக்கொள்வது நன்று. மாற்றத்திற்குப் பின் நிலையான அறிவுறுத்தல்கள், வாரிசு நியமனம், கைபேசி எண் ஆகியவற்றைச் சரிபார்க்கவும். யுபிஐ வழியே அனுப்பிய பணம் தங்கள் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, பெறுநருக்கு வரவாகவில்லை எனில், அது மறுநாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. இது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. எழுத்துமூலம் புகார் அளித்து 30 நாள்களுக்குள் வங்கியின் விடை வராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்; அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.