பம்பளிமாஸும் மாத்திரையும்

பொன்முடிக்குச் செல்லும் நம் சங்கக் குடும்பங்கள் கல்லாற்றில் வண்டியை நிறுத்தி, ஆற்றில் கால் நனைக்காமல் மலை ஏறுவதில்லை. அங்கு வசிக்கும் என் நண்பர், நகரத்தில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட உறவினருக்குக் கொடுக்கும்படி தம் தோட்டத்துப் பம்பளிமாஸ் இரண்டைத் தந்தார். நோயாளியின் மனைவியோ, "அண்ணா, கோபிக்காதீங்க. இந்தப் பழம் அவருக்குக் கூடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார். அதன் காரணத்தை நாம் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாகவே கருதித் தாக்கும். அதைத் தடுக்கவே சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்துகளைத் தருகிறார்கள். இரத்தத்தில் இவற்றின் அளவு, நீராவி எஞ்சின் கொதிகலனின் நீர்மட்டம் போல இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு நொதி, விழுங்கிய மருந்தில் ஒரு பகுதியை இரத்தத்தில் சேருமுன்பே சிதைத்துவிடுகிறது. இதையும் கணக்கில் கொண்டே மருத்துவர் அளவை நிர்ணயிக்கிறார். கிரேப்ஃப்ரூட் என்னும் பழத்தில் உள்ள சில பொருட்கள் அந்த நொதியை முடக்குகின்றன. 1989-இல் கனடாவில் டேவிட் பெய்லி என்பவர், மதுவின் சுவையை மறைக்க இந்தப் பழச்சாற்றைச் சேர்த்து ஓர் இரத்த அழுத்த மருந்தைச் சோதித்தபோது இது தற்செயலாகத் தெரியவந்தது. நம் பம்பளிமாஸ் அதே குடும்பத்துப் பழம். அதைச் சாப்பிட்ட ஒருவரின் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு உயர்ந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 2003-இல் பதிவு செய்தனர். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டாலும் பயனில்லை. முடங்கிய நொதி மீள ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. மனச்சோர்வுக்கு மேல்நாட்டார் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மருந்தின் அளவைக் குறைத்துவிடும். அதனால் ஸ்விட்சர்லாந்தில் இருவரின் மாற்று இதயத்தை உடம்பு நிராகரிக்கத் தொடங்கியதாக 2000-இல் செய்தி வந்தது.

மூலிகை வைத்தியத்துக்காக 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர் கல்லாறு. பச்சிலைக்கு வீரியம் உண்டு என்று அவ்வூராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீரியம் உள்ள பொருள் இன்னொரு மருந்தோடு மோதவும் செய்யும். எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதாகச் சொல்லி நாம் குடிக்கும் சீந்தில் கஷாயம், அதை அடக்க முயலும் மாத்திரைக்கு நேர் எதிரி அல்லவா?

இரும்பன்புளியும் அப்படித்தான். கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அதன் சாற்றைக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்டனர். அவர்களில் 7 பேருக்கு டயாலிஸிஸ் தேவைப்பட்டது. ஒற்றைச் சிறுநீரகத்தை நம்பி வாழ்பவர் அதன் பக்கமே போகலாகாது. இளநீரும் நேந்திரம்பழமும் கூட மருத்துவரைக் கேட்டுத்தான். இந்த மருந்துகளாலேயே இரத்தத்தில் பொட்டாசியம் கூடும். இவை இரண்டிலும் அது நிறைய உண்டு.

எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குக் கிருமிகளும் எளிதில் தொற்றும். கல்லாற்று நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. காய்ச்சாத பால், நறுக்கித் திறந்து வைத்த பழம் ஆகியவையும் வேண்டாம்.

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில், மருத்துவர் சொன்னபடி வெறும் வயிற்றிலோ உணவோடோ, என்றும் ஒரே மாதிரி உட்கொள்ள வேண்டும். புதிதாக ஒரு பழமோ கஷாயமோ சேர்க்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது நம் வழக்கம் இல்லை. ஆனால் "இது இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று வற்புறுத்தாமல், "என்ன கொண்டு வரலாம்?" என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று அவர்கள் மறுத்தால் மனத்தாங்கல் வேண்டாம். யாரோ ஒருவர் தந்த உறுப்பை அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.