தழைச்சத்துப் பஞ்சமும் அஸோடோபாக்டரும்

நிலத்தில் தழைச்சத்துக் குறைந்தால் பயிர் வெளுக்கிறது. மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்களோ அப்போதுதான் உழைக்கத் தலைப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அஸோடோபாக்டர். ஹாலந்து தேசத்து விஞ்ஞானியாகிய பெய்ஜரிங்க் 1901-ம் ஆண்டில் இதனை விவரித்து வெளியிட்டார். இது காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றவல்லது.

இவ்வேலை செலவு மிக்கது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்ற, ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளின் மூலக்கூறுகள் 16-க்குக் குறையாமல் செலவாகின்றன. ஆதலின் தேவையின்றி இவ்வுயிர் இதில் இறங்குவதில்லை. இதற்குரிய நைட்ரஜனேஸ் என்னும் நொதியை உண்டாக்கும் ஜீன்களை முடுக்குவது நிஃப்-ஏ என்னும் புரதம். அதனை மடைப்பலகை போல் அடைத்து நிற்பது நிஃப்-எல் என்னும் புரதம். உயிரணுவினுள் குளூட்டமின் குறைதல் பஞ்சத்தின் அறிகுறியாகும். அப்போது பலகை விலகுகிறது, ஜீன்கள் தொழிற்படுகின்றன. அம்மோனியா தாராளமாய்க் கிடைத்ததும் பலகை மீண்டும் விழுகிறது. பிராணவாயு மிகுந்தாலும் அவ்வாறே.

ஆகவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. நுண்ணுயிர் உரத்தை யூரியா, அம்மோனியம் சல்பேட் முதலியவற்றுடன் கலந்து இடலாகாது. உயிர்கள் மடியக்கூடும்; பிழைத்தவையும் காற்றிலிருந்து சத்துச் சேர்ப்பதை நிறுத்திவிடும். கொடுத்த பணம் வீணாம்.

2. மக்கிய தொழுவுரத்துடன் கலந்து, ஈரமுள்ள நிலத்தில் இடுக. உழைப்புக்கு வேண்டிய உணவு அதிலிருந்து கிடைக்கும்.

3. இதனையே நம்பி மற்ற உரங்களை அடியோடு நிறுத்துதலும் தவறு. மண் பரிசோதனைப்படி இடுதலே முறை.

கிராம அதிகாரிகள் இவற்றைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.