உழைப்பு மட்டும் போதுமா? – ஒரு பையன் கேட்ட கேள்வியும் சில குறிப்புகளும்

போன வருஷம் எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் 'வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி' என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் பதினெட்டு ஸ்லைடு தயார் செய்துகொண்டு போனேன். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தில் வரும் எறும்பு, தாலந்து உவமை, நேர ஒழுங்கு, ஜெபம். கடைசியில் என் கதை: கோவை மில் தொழிலாளி மகன், பி.இ., சாஃப்ட்வேர் வேலை, சொந்த வீடு. கைதட்டினார்கள்.

முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா சோமனூர்ப் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். "எங்கப்பா உங்களைவிட அதிகமாத்தானுங்க அங்கிள் உழைக்கறாரு. தினமும் ஜெபமும் பண்றாரு. பின்ன ஏனுங்க நாங்க இன்னும் கடன்லயே இருக்கறோம்?"

"பொறுமையா இருப்பா, கர்த்தர் ஒரு நேரம் வெச்சிருப்பார்" என்று ஏதோ சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அன்றிலிருந்து சனி, ஞாயிறுகளில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கலாத்தியர் நிருபம் 6ஆம் அதிகாரம். 2ஆம் வசனம், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்கிறது. மூன்று வசனம் தாண்டி 5ஆம் வசனம், அவரவர் பாரத்தை அவரவரே சுமக்க வேண்டும் என்கிறது. என்னை மாதிரி ஆட்கள் வெற்றியைப் பற்றிப் பேசும்போது 5ஆம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, அதை வரவு செலவுக் கணக்காகவே மாற்றிக் காட்டிய ஒருவர் இருந்தார்.

ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். 1818இல் ஜெர்மனியில் பிறந்தவர், ஆழ்ந்த புராட்டஸ்டன்ட் பக்தி உள்ளவர். வையர்புஷ் என்ற ஏழைக் கிராமப் பகுதிக்கு மேயராக இருந்தபோது 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தது. அரசாங்கம் மாவு அனுப்பியது, ஆனால் ரொக்கத்துக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று உத்தரவு. கையில் காசில்லாதவன் எப்படி வாங்குவான்? ரைஃபைசன் உத்தரவை மீறிக் கடனுக்குக் கொடுத்தார். வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி, ஊருக்குப் பொதுவாக ஒரு ரொட்டி அடுப்பும் கட்டினார்.

இதுவரை இது தர்மம். பிறகு நடந்ததுதான் முக்கியம். அடுத்த ஊர்களிலும் பணக்காரர்கள் சேர்ந்து ஏழைகளுக்கு உதவும் சங்கங்களை அவர் அமைத்தார். கொஞ்ச வருஷத்தில் கொடுக்கிறவர்களுக்கு ஆர்வம் குறைந்தது. வாங்குகிறவர்களுக்கோ அது 'அவங்க சங்கம்' என்ற நினைப்பு. ஆகவே 1864இல் ஹெட்டெஸ்டார்ஃப் என்ற ஊரில் அடிப்படையையே மாற்றினார். கடன் வாங்குகிறவனே உறுப்பினர், அவனே முதலாளி. அதன் விதிகள் இவ்வளவுதான்:

ஒன்று, சங்கம் ஒரு சின்னப் பகுதிக்குள் இருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் முகம் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு, வரையறை இல்லாத பொறுப்பு. சங்கம் கடனைக் கட்ட முடியாமல் நின்றால் எல்லா உறுப்பினர்களின் சொத்தும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று, என்ன வேலைக்குக் கடன் என்று சொல்ல வேண்டும். மாடு, விதை, கருவி என்றால் சரி. விருந்துக்கும் ஆடம்பரத்துக்கும் கிடையாது.

நான்கு, நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை, கணக்கருக்கு மட்டும் உண்டு. லாபம் பிரிக்க முடியாத சேமநிதிக்குப் போகும்.

இரண்டாவது விதியைப் படித்ததும் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஒரு என்ஜினியராக யோசித்தால் அதுதான் இதன் மோட்டார். அடுத்தவன் கடனுக்கு என் வீடும் பொறுப்பு என்றால் நான் சும்மா இருக்க மாட்டேன். அவன் எதற்கு வாங்குகிறான், வேலைக்குப் போகிறானா, குடிக்கிறானா என்று பார்ப்பேன். அவன் மாடு நோயில் படுத்தால் நானும் ஓடுவேன். 'பிறனை நேசி' என்ற கட்டளையை மனசு சார்ந்த விஷயமாக விட்டுவிடாமல் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவந்து வைத்தார் மனுஷன். அதேசமயம் அவனவன் உழைக்காமல் ஒரு பைசா அசையாது. 2ஆம் வசனமும் 5ஆம் வசனமும் ஒரே ரசீதில்!

சரி, இதற்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

சென்னை மாகாணத்தில் ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்று ஓர் ஆங்கிலேய அதிகாரி இருந்தார். 1887இல் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர் இவர்தான். நம்ம ஊர் வரலாறு படிக்கிறவர்களுக்குப் பழக்கமான பெயர். விவசாயிகளின் கடன் பிரச்சினைக்கு வழி தேடச் சொல்லி அரசாங்கம் அவரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவருடைய அறிக்கை 1895, 1897 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்தது. அத்தனை பக்கத்தின் சாரம் ரொம்பச் சின்னது: சட்டமும் பணமும் இருந்தால் போதாது, ரைஃபைசன் மாதிரி ஓர் ஆளைத் தேடுங்கள். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் ஒரு சங்கம் பதிவானது.

அந்த மாதிரி ஆள்களில் ஒருவர் சேலத்தில் பிறந்தவர் என்பது எனக்கு இந்தத் தேடலில்தான் தெரிந்தது. கே.டி. பால், முழுப்பெயர் கனகராயன் திருச்செல்வம் பால், பிறப்பு 1876. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஆசிரியராக இருந்து, 1905இல் தொடங்கிய தேசிய மிஷனரி சங்கத்தில் பொறுப்புகள் வகித்தவர். 1916இல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளர் ஆனார்.

ஊர் ஊராகச் சுற்றியபோது அவர் கண்டது இதுதான்: கிராமத்துக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட குடும்பங்கள். உழைப்புக்குக் குறைவில்லை, பக்திக்கும் குறைவில்லை, ஆனால் கழுத்து வட்டிக்காரன் கையில். கேள்வி கேட்ட அந்தப் பையனின் வீடு மாதிரியேதான். பால் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. கிராமச் செயலாளர்கள் மூலம் கடன் சங்கங்களை அமைத்தார். அவற்றுக்குப் பணம் கிடைக்க 1916இல் சென்னையில் கிறிஸ்தவ மத்தியக் கூட்டுறவு வங்கி உருவாக முன்னின்றார். கடனோடு படிப்பு, உடல்நலம், ஆன்மிகம், சமூக உறவு எல்லாம் சேர்ந்தே உயர வேண்டும் என்பது அந்தத் திட்டம். அதற்கான கிராமப் புனரமைப்பு மையங்களில் ஒன்று நம்ம ராமநாதபுரத்தில் இருந்தது. ஆமாங்க, இன்று திருச்சி ரோட்டில் டிராஃபிக்கில் நிற்கிறோமே, அந்த ராமநாதபுரம்தான். அப்போது அது கோவைக்கு வெளியே ஒரு கிராமம்.

இதே வரிசையில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் நடத்திய மையம் இன்னும் பிரபலம். அவருடைய கொள்கை, மக்கள் தங்களுக்குத் தாங்களே உதவ வேண்டும், விஷயம் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும் என்பது. கோழி, தேனீ என்று கையில் உள்ளதை வைத்துத் தொடங்கி, முட்டையையும் தேனையும் சேர்ந்து விற்றார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு இன்றும் பெயர் இருக்கிறது. பால், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்து, 1931இல் சேலத்தில் இறந்தார்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. 1954இல் வெளிவந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வறிக்கை, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான் என்றது. கிட்டத்தட்ட 70 சதவீதம் வட்டிக்காரர்களிடமிருந்து. ஐம்பது வருஷ முயற்சிக்கு இவ்வளவுதான் பலன். என் கணிப்பு, சங்கம் மேலிருந்து வந்த இடங்களில் அது 'அரசாங்கப் பணம்' ஆகிவிட்டது. இன்று நுண்கடன் கம்பெனிகளும் பத்துப் பெண்களைக் குழுவாக உட்கார வைத்து ஒருவருக்கொருவர் பொறுப்பு என்கின்றன. பார்க்க ரைஃபைசன் முறை மாதிரியே இருக்கும். ஆனால் பாரம் மட்டும் பொது, லாபம் கம்பெனிக்கு. அதில் சேமநிதி அந்தப் பெண்களுடையது இல்லை.

இன்னொரு புத்தகமும் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. சரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வு. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, தொழிலாளியாக இருந்து முதலாளி ஆனவர்கள், தங்கள் வெற்றிக்குக் காரணமாகச் சொன்னது ஒரே சொல்: உழைப்பு. அது பொய்யில்லை. ஆனால் அந்த உழைப்புக்குப் பின்னால் சொந்தபந்தம், பங்காளிகள், நம்பிக் கடன் கொடுத்த ஆட்கள் இருந்தார்கள். நம்ம கொங்கு நாட்டில் 'தானா முன்னுக்கு வந்தவன்' என்று சொல்லும்போது இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அப்படிச் சொந்தம் இல்லாதவன் பத்து மடங்கு உழைத்தாலும் தறிக்கூலிக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான்.

இதைப் படித்த ராத்திரி, என் பதினெட்டு ஸ்லைடில் விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்தது. 1997இல் என் பி.இ. ஃபீஸ் எங்கிருந்து வந்தது? அப்பா வேலை பார்த்த மில்லின் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்திலிருந்து. அந்தக் கடனுக்கு இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவோடு ஒரே ஷிப்டில் நின்றவர்கள். அவர்களுக்கும் கல்யாண வயதில் பெண்கள் இருந்தார்கள். நான் படித்தேன், உழைத்தேன், ஜெபித்தேன், எல்லாம் உண்மை. ஆனால் அந்த இரண்டு கையெழுத்து இல்லையென்றால்? அப்பாவிடம் ஃபோனில் கேட்டேன். "ஆமா சாமி, அவங்க போட்டாங்க. நானும் அவங்களுக்குப் போட்டிருக்கறேன். அதைப் போய் யாராவது பெருசாச் சொல்லுவாங்களா?" என்றார்.

அந்தப் பையனைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அவன் அப்பாவுக்கு வாரத் தண்டல் கடன் மூன்று இடத்தில் இருந்தது. ஒரு கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கித் தண்டலை அடைத்துவிடலாம். ஆனால் ஜாமீன் போட ஆளில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி பைபிளை எடுத்து வந்து, நான் ஸ்லைடில் போட்ட அதே நீதிமொழிகள் 6ஐத் திறந்தாள். "எறும்பு 6ஆம் வசனம். அதுக்கு முன்னாடி அஞ்சு வசனம் என்ன சொல்லுதுன்னு படிச்சீங்களா?" அடுத்தவனுக்கு ஜாமீன் நின்று மாட்டிக்கொள்ளாதே என்ற எச்சரிக்கை! அவள் சொன்னது நியாயம்தான். அதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. யாரென்றே தெரியாதவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாக்குக் கொடுப்பது வேறு, கணக்கைத் திறந்து பார்த்து, மாதாமாதம் கூட உட்கார்ந்து சுமப்பது வேறு. ரைஃபைசன் சேர்த்தது இந்த இரண்டாவதைத்தான்.

மூன்று ஞாயிறு அவர் வரவு செலவை எழுதிப் பார்த்தோம். நானும், சபையில் எனக்குத் தெரிந்த இன்னொருவரும் கையெழுத்துப் போட்டோம். இதுவரை ஏழு தவணை சரியாகக் கட்டியிருக்கிறார். எட்டாவது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, வயிற்றில் கொஞ்சம் புளி கரைக்கத்தான் செய்கிறது.

இந்த வருஷமும் வாலிபர் கூடுகையில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எறும்பு ஸ்லைடை எடுக்கவில்லை. அதற்கடுத்து ஒன்று மட்டும் சேர்த்திருக்கிறேன்: 'உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர் யார்? நீங்கள் யாருக்குப் போடப் போகிறீர்கள்?'